விற்ற மீனுக்குக் கணக்கு உண்டு, விட்ட மீனுக்கு?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கடலோர மாநிலங்களில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள், சனி ஞாயிறுகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் ஒரே மாநில அரசு எப்படி நிர்வகிக்கிறது? மீனைக் காலி செய்வது பெரிய படகுகள்தானே, தூண்டிலோடு கரையில் நிற்பவருக்கு எதற்கு லைசென்ஸ், நீள அளவு, எண்ணிக்கை என்று இத்தனை கெடுபிடி?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மேய்ன் முதல் வட கரோலினா வரை எல்லோரும் கொண்டாடுகிற மீன் ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில் செவுளிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும். ஐம்பது பவுண்டைத் தாண்டியும் வளரும். 2018-ல் நடந்த மதிப்பீட்டின்படி, மனிதர் கையால் சாகிற ஸ்ட்ரைப்டு பாஸில் சுமார் 90 சதவீதம் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் கணக்கில்தான் வருகிறது. விற்பனைக்குப் பிடிப்பவர்களின் பங்கு மீதி பத்துக்குள் அடங்கிவிடும். அந்த 90-லும் பாதிக்கு மேல், பிடித்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்ட பிறகு செத்துப்போன மீன்கள்.

பெரிய படகுதான் எதிரி என்பது, வலைப் படகுகள் அள்ளிய காட் என்ற மீனுக்குப் பெருமளவு பொருந்தும். கரையோர மீன்கள் பலவற்றுக்குப் பொருந்தாது. ஒருவர் பிடிப்பது ஒன்றிரண்டு மீன்தான். ஆனால் அப்படிப் பிடிப்பவர்கள் பத்து லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

மாநில நிர்வாகத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. விற்கிற மீன் எங்கேயாவது ஒரு தராசில் ஏறியே ஆகவேண்டும். வீட்டுக் குழம்புக்குப் போகிற மீனும் திரும்ப விடுகிற மீனும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. ஒரு தரப்பை எண்ணுகிறார்கள், இன்னொரு தரப்பை ஊகிக்கிறார்கள். பிறகு இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பங்கு பிரிக்கிறார்கள். சண்டை வராமல் என்ன செய்யும்?

பங்கு பிரிப்பதற்கு முன்னால், மாநிலத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று பார்த்துவிடலாம். 1953-ல் வந்த சட்டப்படி கரையிலிருந்து 3 கடல் மைல், அவ்வளவுதான். டெக்சாஸுக்கும் ஃபுளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துக்கும் மட்டும் பழைய உரிமையை ஒட்டி 9 கடல் மைல். அதைத் தாண்டி 200 கடல் மைல் வரை மத்திய அரசின் பொறுப்பு. 1976-ல் வந்த மேக்னசன் சட்டத்தின் கீழ் எட்டு வட்டார மன்றங்கள் அந்தக் கடலுக்கான திட்டங்களை வகுக்கின்றன. ஆனால் மாநிலத்திடம் இன்னொரு பிடி உண்டு. எங்கே பிடித்திருந்தாலும் மீன் அதன் துறைமுகத்தில்தான் இறங்கவேண்டும். "இந்த அளவுக்குக் குறைந்ததை இங்கே இறக்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது" என்று ஒரு விதி போட்டால், கடலில் துரத்திப் பிடிக்கவேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.

மீனுக்கு மாநில எல்லை தெரியாது. ஸ்ட்ரைப்டு பாஸ் பெரும்பாலும் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் உள்ள செசபீக் விரிகுடாவுக்குள் பாயும் ஆறுகளிலும், ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் முட்டையிடுகிறது. கோடையில் மேய்ன் வரை போய் மேய்கிறது, குளிருக்குத் தெற்கே திரும்புகிறது. வழியில் ஒரு டஜன் மாநிலங்கள். ஒரு மாநிலம் பட்டினி கிடந்து சேமித்ததை அடுத்த மாநிலம் பிடித்துச் சாப்பிட்டுவிடலாம். இதற்காகவே 1942-ல் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் உருவானது. மேய்ன் முதல் ஃபுளோரிடா வரை 15 மாநிலங்கள் அதில் உறுப்பினர்கள். ரொம்ப காலத்துக்கு அது ஆலோசனை சொல்லும் சபையாகத்தான் இருந்தது; கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். ஸ்ட்ரைப்டு பாஸுக்காக 1984-ல் ஒரு சட்டமும், மற்ற மீன்களுக்காக 1993-ல் இன்னொரு சட்டமும் வந்தபிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. ஒரு மாநிலம் கூட்டுத் திட்டத்தைப் பின்பற்றாவிட்டால், அந்த மாநிலத்தின் கடலில் அந்த மீன்பிடிப்பையே மத்திய வணிகத் துறைச் செயலர் மூடிவிடலாம்.

இந்தப் பல் கடித்ததும் உண்டு, கடிக்காமல் விட்டதும் உண்டு. மென்ஹேடன் என்பது மத்திக்கு உறவான, எண்ணெய்ப் பிடிப்புள்ள சிறு மீன். மனிதர் அதிகம் சாப்பிடுவதில்லை. சுருக்குமடி வலையில் டன் டன்னாகப் பிடித்து மீன் மாவாகவும் எண்ணெயாகவும் மாற்றுகிறார்கள். அட்லாண்டிக் கரையில் அந்தத் தொழில் வர்ஜீனியாவில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. செசபீக் விரிகுடாவுக்குள் ஆண்டுக்கு 51,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று ஆணையம் வரம்பு வைத்தது. வர்ஜீனியாவில் மற்ற மீன்களை மாநில மீன்வள அமைப்பு பார்த்துக்கொள்ள, மென்ஹேடனை மட்டும் மாநிலச் சட்டமன்றமே கையில் வைத்திருந்தது. அது அந்த வரம்பைச் சட்டமாக்கவில்லை. 2019-ல் பிடிப்பு வரம்பைத் தாண்டியது. அந்த டிசம்பரிலேயே மத்திய அரசு "வரும் ஜூனில் மூடிவிடுவோம்" என்றதும், சில மாதங்களில் சட்டமன்றம் அதிகாரத்தை மாநில மீன்வள அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கி வந்தது. இதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நடந்ததோ நேர்மாறு. சம்மர் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீன் விஷயத்தில் நியூ ஜெர்சி விதி மீறியதாக ஆணையம் தீர்மானித்து அனுப்பியது. வணிகத் துறைச் செயலர் அதை ஏற்காமல் மாநிலத்தின் பக்கம் நின்றார். 1993 சட்டம் வந்தபிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. மற்ற மாநிலங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

சரி, மாநிலத்துக்குள் வருவோம். விற்பனைக்குப் பிடிப்பவர்களை நிர்வகிப்பது ஒப்பிட்டுப் பார்த்தால் நேரான வேலை. லைசென்ஸ் எத்தனை என்று தெரியும். மீனை வாங்கும் வியாபாரிக்கும் அனுமதி வேண்டும், எவரிடம் எத்தனை பவுண்டு வாங்கினேன் என்று அவர் குறித்த தவணையில் கணக்கு அனுப்பவேண்டும். மாசசூசெட்ஸில் விற்பனைக்கான ஸ்ட்ரைப்டு பாஸை வலையில் பிடிக்க முடியாது, தூண்டில் மட்டும்தான். 35 அங்குலத்துக்குக் குறைந்ததை விற்கக்கூடாது. வாரத்தில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் பிடிக்கலாம். ஒவ்வொரு மீனிலும் வரிசை எண் போட்ட பட்டை ஏறும். மாநிலத்தின் ஒதுக்கீடு சமீப ஆண்டுகளில் சுமார் 7 லட்சம் பவுண்டு. வியாபாரிகளின் கணக்கு அந்த எண்ணைத் தொட்டதும் அந்த ஆண்டுக்குக் கடை மூடப்படும். அதிகமாகப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்வார்கள்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அங்கே அந்த அனுமதியை வாங்குகிற ஆயிரக்கணக்கானவர்களில் பலர் முழுநேர மீனவர்கள் கிடையாது. வேறு வேலை பார்த்துக்கொண்டு, பெட்ரோல் காசாவது தேறட்டும் என்று விற்பவர்கள். அதே ஆள், அதே தூண்டில், அதே படகு. விற்கிற நாளில் வணிக மீனவர், மற்ற நாளில் பொழுதுபோக்காளர். "வணிகம்", "பொழுதுபோக்கு" என்று சட்டத்தில் கோடு கிழிப்பது சுலபம். கடலில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது.

வணிகப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு மேய்னின் லாப்ஸ்டர், அதாவது பெரிய கொடுக்குள்ள சிங்கி இறால். அங்கே மொத்தப் பிடிப்புக்குக் கோட்டாவே கிடையாது. பொறியை மேலே இழுத்ததும் மீனவர் முதலில் எடுப்பது ஓர் உலோக அளவுகோல். லாப்ஸ்டரின் கண்குழியில் ஒரு முனையை வைத்து, முதுகு ஓடு முடியும் இடம் வரை அளக்கிறார். 3¼ அங்குலத்துக்குக் குறைந்தால் கடலுக்கு. 5 அங்குலத்துக்கு மேல் போனாலும் கடலுக்கு. பெரிய பெண் இடுகிற முட்டை எக்கச்சக்கம், பெரிய ஆணும் இனத்துக்கு வேண்டும். திருப்பிப் பார்க்கிறார். வயிற்றடியில் முட்டை ஒட்டியிருந்தால், வால் துடுப்பு மடல்களில் ஒன்றில் ஆங்கில வி எழுத்து வடிவில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு விடுகிறார். அடுத்த ஆண்டு வேறு ஒருவர் பொறியில் அவள் முட்டையில்லாமல் மாட்டினாலும், அந்த வெட்டைப் பார்த்ததும் அவரும் விட்டாகவேண்டும். ஓடு கழற்றும்போது வெட்டு மெல்ல ஆறிவரும். அதுவரை அவளுக்குப் பாதுகாப்பு. இத்தனையும் சில நொடிகளில் முடிந்து அடுத்த பொறி மேலே வந்துவிடும்.

ஒருவருக்கு 800 பொறிக்கு மேல் கிடையாது. லைசென்ஸ் வைத்திருப்பவரே படகில் இருக்கவேண்டும், ஆள் வைத்து ஓட்ட முடியாது. புதிதாக வருபவர் பயிற்சியாளராகப் பழகி, பல வட்டாரங்களில் காத்திருப்போர் பட்டியலிலும் நிற்கவேண்டும். 1995-ல் வந்த சட்டத்தால் கரை ஏழு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பொறி எண்ணிக்கையை இன்னும் குறைப்பது, புது ஆட்களை எந்த விகிதத்தில் சேர்ப்பது போன்றவற்றில் அந்தந்த வட்டார மீனவர்களின் மன்றத்துக்கே பேச்சு உண்டு. வீட்டுத் தேவைக்குப் பிடிப்பவருக்குத் தனி லைசென்ஸ், ஐந்து பொறி, விற்கக்கூடாது. 2016-ல் மேய்ன் இறக்கிய லாப்ஸ்டர் 13 கோடி பவுண்டைத் தாண்டியது.

இதை முழுக்க நல்ல நிர்வாகத்தின் வெற்றி என்று எழுதுபவர்கள் நிறைய. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். லாப்ஸ்டர் குஞ்சுகளைத் தின்னும் காட் மீன் குறைந்துபோனதும், மேய்ன் வளைகுடாவின் தண்ணீர் லாப்ஸ்டருக்கு ஏற்ற அளவு வெதுவெதுப்பானதும் பெரிய காரணங்கள். அதே வெப்பம் தெற்கே வேறு மாதிரி வேலை செய்தது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் 1999-ல் லாப்ஸ்டர் கொத்துக் கொத்தாகச் செத்தது, அந்தத் தொழில் அங்கே திரும்ப எழவே இல்லை. வடக்கிலும் குஞ்சுகள் குறைவதைப் பார்த்து, குறைந்தபட்ச அளவை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டலாம் என்று ஆணையம் முடிவு செய்தது. மீனவர்கள் கொதித்தார்கள், 2025-ல் அதைக் கைவிட்டார்கள். தாங்களே போட்டுக்கொண்ட விதியைத் தலைமுறைகளாகக் காப்பவர்கள், வெளியிலிருந்து வரும் விதி ஓர் அங்குலத்தின் துணுக்காக இருந்தாலும் ஏற்பதில்லை.

இனி கஷ்டமான பக்கம். பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் எத்தனை மீன் பிடித்தார்கள் என்பதை மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது. அது இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, கடலோர மாநிலங்களின் வீடுகளுக்குத் தபாலில் படிவம் அனுப்பி, கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை மீன் பிடிக்கப் போனீர்கள் என்று கேட்பது. இன்னொன்று, படகுத் துறையிலும் கரையிலும் ஆள் நிறுத்தி, பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் நேரில் கேட்பது. இரண்டையும் பெருக்கினால் மொத்தப் பிடிப்பு.

துறையில் நிற்கிற அந்தக் கணக்கெடுப்பாளரை நினைத்துப் பாருங்கள். கையில் அளவுப் பலகை, எடை பார்க்கும் கருவி. வெயிலில் ஏழு மணி நேரம் கிடந்துவிட்டு வருகிற ஆட்கள் படகை டிரெய்லரில் ஏற்றுகிற அவசரத்தில் இருக்கிறார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்கிறார். உள்ளே இருக்கிற மீனை நீட்டி வைத்து, வாலின் பிளவு வரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார். அதுவரை சரி. அடுத்த கேள்வி: "திரும்ப விட்டது எத்தனை?" ஒருவர் "ஒரு முப்பது இருக்கும்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் "இருபதுதான்டா" என்கிறார். அது அப்படியே படிவத்தில் ஏறுகிறது, பிறகு லட்சங்களால் பெருகுகிறது.

அதிகம் பேர் பிடிக்கிற மீனுக்கு இந்த முறை ஓரளவு நம்பகமான எண்ணைத் தரும். அபூர்வமாகக் கிடைக்கிற மீனென்றால், ஒரு துறையில் ஒரு நாள் தற்செயலாக மாட்டிய இரண்டு படகுகள் போதும், மாநிலத்தின் எண்ணே தாறுமாறாகிவிடும். 2017 வரை வீட்டுத் தொலைபேசியில் கேட்டார்கள். அது செல்லாக்காசாகிப் போனதால் தபாலுக்கு மாறினார்கள். மாறியதும் மீன்பிடிப் பயணங்களின் எண்ணிக்கை பல இடங்களில் மடங்குக் கணக்கில் ஏறியது, பழைய ஆண்டுகளையும் திருத்தி எழுதவேண்டி வந்தது. ஸ்ட்ரைப்டு பாஸ் ஆபத்தில் இருக்கிறது என்ற முடிவு, இப்படித் திருத்திய எண்களையும் உள்ளே எடுத்துக்கொண்ட மதிப்பீட்டில்தான் வந்தது. அப்புறம் 2023-ல், கேள்விகளின் வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்த ஒரு சோதனையில், தபால் படிவமே பயணங்களைக் கணிசமாகக் கூட்டிக் காட்டுகிறதோ என்ற சந்தேகத்தை மத்திய மீன்வளத் துறையே வெளியிட்டது. கணக்கைத் திறந்து காட்டுவது நேர்மைதான். ஆனால் தன் கோட்டாவைப் பவுண்டு பவுண்டாக ஒப்புவிக்கிற வணிக மீனவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

அடுத்தது திரும்ப விடுகிற மீன். விட்டுவிட்டால் பாவம் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மாசசூசெட்ஸில் சேலம் பக்கம் 1990-களில் நடந்த ஓர் ஆய்வை ஒட்டி, விடப்படும் ஸ்ட்ரைப்டு பாஸில் 100-க்கு 9 செத்துப்போகும் என்று மதிப்பீடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். 9 என்பது சின்ன எண்தான். ஆனால் சில ஆண்டுகளில் விடப்படும் மீன்களின் எண்ணிக்கை மூன்று கோடி. அப்படியானால் செத்தது 27 லட்சம். தண்ணீர் சூடாக இருந்தால், முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால், புகைப்படத்துக்காக அதிக நேரம் தூக்கிப் பிடித்திருந்தால் சாவு இன்னும் கூடும். அதனால்தான் இரை கோத்துப் பிடிப்பவர்கள் வட்ட முள்தான் பயன்படுத்தவேண்டும் என்று கரை முழுக்க விதி வந்தது. வளைந்து உள்நோக்கித் திரும்பிய அதன் முனை, மீன் விழுங்கினாலும் வயிற்றில் குத்தாமல் வழுக்கி வந்து பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். இழுத்துச் சுண்டாமல் மெல்லச் சுற்றினால் போதும். பழைய பழக்கத்தில் வெடுக்கென்று இழுப்பவருக்குத்தான் மீன் நழுவும்.

நீள அளவு விதிக்கும் இதே மாதிரி ஒரு பக்கவிளைவு உண்டு. 2020 முதல் பெருங்கடல் பகுதியில் ஒரு நாளைக்கு ஒரு மீன், 28 அங்குலத்துக்கும் 35-க்கும் இடையில் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரிய தாய் மீன்கள் தப்பிக்கட்டும் என்பது யோசனை, நல்ல யோசனைதான். ஆனால் 2015-ல் பிறந்த மீன்கள் எண்ணிக்கையில் மிகவும் வலுவான கூட்டம். 2022-ல் அவை வளர்ந்து சரியாக அந்த இடைவெளிக்குள் நுழைந்தன, வீட்டுக்குப் போன மீன் ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பானது. 2023 மே மாதம் ஆணையம் அவசரமாகக் கூடி மேல் வரம்பை 31 அங்குலமாக இறக்கியது. வைத்துக்கொள்ள முடிகிற மீன் குறைந்ததும், அந்த ஒன்று கிடைக்கும்வரை ஆட்கள் இன்னும் பல மீன்களைப் பிடித்துப் பிடித்து விடுவார்கள். விட்டதில் நூற்றுக்கு ஒன்பது மறுபடி கணக்கில் ஏறும். எந்தக் கதவைச் சாத்தினாலும் வேறொன்று லேசாகத் திறந்துகொள்கிறது. சில காலத்துக்குத் தூண்டிலே போடாதீர்கள் என்று மூடுவதுதான் விட்ட மீன் சாவைக் குறைக்கும் நேர்வழி. ஆனால் விட்டுவிடுவதற்காகவே பிடிக்கிறவர்களுக்கும், அவர்களை அழைத்துப் போகும் வாடகைப் படகுக்காரர்களுக்கும் அதைச் சொல்லிப் பாருங்கள்!

பங்குச் சண்டைகளில் தூண்டில் தரப்பு ஜெயித்த கதைகள்தான் அதிகம். ஓட்டு அங்கேதான் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் லூசியானாவின் சமையல்காரர் பால் புருடோம் பிரபலமாக்கிய கருக வறுத்த ரெட்ஃபிஷ் நாடெங்கும் பரவியது. மெக்சிகோ வளைகுடாவில் ரெட் டிரம் என்கிற அந்த மீனைச் சுருக்குமடி போட்டு அள்ளினார்கள். 1986-ல் மத்திய அரசு அவசரத் தடை போட்டது. வளைகுடாவின் மத்தியக் கடலில் அந்த மீனைப் பிடிப்பது பிற்பாடு நிரந்தரமாகவே மூடப்பட்டது. டெக்சாஸ் அதற்கும் முன்னாலேயே, 1981-ல், அதை விளையாட்டு மீன் என்று அறிவித்து, தன் கடலில் பிடித்ததை விற்பதைத் தடை செய்திருந்தது. ஃபுளோரிடாவில் 1994 நவம்பரில் மக்களே வாக்களித்தார்கள்: சுமார் 72 சதவீதம் பேர் ஆதரவோடு, மாநிலக் கடலில் செவுள் வலைக்குத் தடை அரசியலமைப்பிலேயே ஏறியது. 1995 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது.

அந்தத் தடையில் பெரிதாக அடிபட்டவர்கள் மடவை பிடித்தவர்கள். மடவை பாசியையும் சேற்றையும் மேய்கிற மீன், தூண்டிலுக்கு அவ்வளவாக வராது. சினைக்கு நல்ல வெளிநாட்டு விலை இருந்தது. மாநிலம் வலைகளை விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. சீடர் கீ போன்ற ஊர்களில் வலைக்காரர்களுக்கு மட்டி வளர்ப்பு சொல்லிக்கொடுத்தது, அது அங்கே நன்றாகவே வேர் பிடித்தது. மீன் பெருகியதா என்றால், சில இனங்களில் பெருகியது. அது நியாயமான பங்கீடா என்பது வேறு கேள்வி. வீச்சு வலையாலும் வேறு வழிகளாலும் அளவோடு பிடிக்கவைத்திருக்க முடியாதா என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. அரசியலமைப்பில் எழுதிவிட்டதால், மீன் நிலவரம் மாறினாலும் அதிகாரிகள் கைவைக்க முடியாது. கருவிக்குப் போடும் தடையை மாற்றக்கூடிய விதியாக வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரெட் ஸ்னாப்பர் என்ற மீனின் கதையில் இரு தரப்பும் ஒரே அட்டவணையில் நிற்பதைப் பார்க்கலாம். மெக்சிகோ வளைகுடாவில் வணிகத்துக்கு 51, பொழுதுபோக்குக்கு 49 சதவீதம் என்று நீண்ட காலமாகப் பிரித்திருந்தார்கள். 2007-ல் வணிக மீனவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிப் பங்கு வந்தது. எப்போது வேண்டுமானாலும் போய்ப் பிடிக்கலாம், கடைசிப் பவுண்டு வரை கணக்கு. அதற்கு முன்னால் சில நாள் மட்டும் கடல் திறக்கும், புயலிலும் ஓடிப்போய் அள்ளுவார்கள், ஒரே நாளில் மீன் குவிந்து விலை விழும். அந்தக் கூத்து நின்றது. அதே காலத்தில் சொந்தப் படகுத் தூண்டில்காரர்களுக்கு மத்தியக் கடலில் அனுமதி நாட்கள் சுருங்கிக்கொண்டே வந்து 2017-ல் மூன்று நாளாக அறிவிக்கப்பட்டது. மாநிலங்கள் தங்கள் கடலை நீண்ட நாட்களுக்குத் திறந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். அங்கே பிடித்ததெல்லாம் பொதுக் கணக்கில் கழிந்தது. எதிர்ப்பு கிளம்ப, கூடுதல் நாட்கள் கொடுத்தார்கள். 2020-லிருந்து அந்தத் தூண்டில்காரர்களின் பங்கை ஐந்து வளைகுடா மாநிலங்களும் பிரித்து எடுத்துக்கொண்டு, தாங்களே எண்ணி, தாங்களே நாள் குறிக்கின்றன. லூசியானா அதற்கு முன்பே தனக்கென்று வாராந்திரக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திவந்தது. கையில் எண் இருக்கிறவருக்கே அதிகாரமும் போய்ச் சேர்ந்தது.

லைசென்ஸ் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். முதல் பயன், யார் மீன் பிடிக்கிறார்கள் என்ற முகவரிப் பட்டியல். அது இருந்தால் கணக்கெடுப்பு ஊரில் உள்ள எல்லா வீட்டையும் தட்டவேண்டியதில்லை. இரண்டாவது, பணம். தூண்டில், சுருள் போன்ற மீன்பிடிச் சாமான்கள் மீது 10 சதவீத மத்திய வரி 1950-ல் வந்த சட்டத்தால் மாநில மீன்வளத் துறைகளுக்குப் போகிறது. 1984-ல் மோட்டார் படகு எரிபொருள் வரியும் அதில் சேர்ந்தது. மாநிலத்துக்குக் கிடைக்கும் தொகை, அதன் பரப்பையும் லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. லைசென்ஸ் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் இந்த நிதிக்கு ஆபத்து. சாலை போடவோ பற்றாக்குறையை மூடவோ அரசியல்வாதி அதில் கை வைக்காமல் இருப்பதற்கு இதுவே காவல்.

மாசசூசெட்ஸ் 2011-ல்தான் கடல் தூண்டிலுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 10 டாலர், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தேவையில்லை, 60-ஐத் தாண்டியவர்களுக்கு இலவசம். கடல் பொதுச்சொத்து, அதில் தூண்டில் போட எதற்குக் காசு என்று அங்கேயும் கேட்டார்கள். காலனிக் காலத்திலிருந்தே கரையில் மீன் பிடிக்கும் பொது உரிமை சட்டத்தில் இருக்கிற ஊர் அது. அதே காலனிதான் 1639-ல் காட் மீனையும் பாஸ் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக்கூடாது என்று தடை விதித்தது. உரிமையும் கட்டுப்பாடும் அங்கே சேர்ந்தேதான் பிறந்திருக்கின்றன. நியூ ஜெர்சி, நியூயார்க் இரண்டும் இலவசப் பதிவோடு நிறுத்திக்கொண்டன. பட்டியல் கிடைக்கிறது, பணம் கிடைப்பதில்லை. கணக்கெடுக்க ஆள் போடும்போது அந்த இல்லாமை தெரியும்.

மாநிலத் துறையின் வேலை மீனோடு முடிவதில்லை. மழைக்குப் பிறகு சாக்கடை கலந்த தண்ணீர் வந்தால் மட்டிப் படுகைகளை மூடுவது, செம்பாசி பெருகினால் சிப்பியை எடுக்கவிடாமல் தடுப்பது, பழைய அணைகளில் மீன் ஏணி கட்டுவது எல்லாம் அதன் தலையில்தான். செய்தியில் வராது, செய்யாமல் விட்டால் உடனே வரும்.

கடைசியாக ஒன்று. எண்ணுவதிலேயே நல்ல எண்ணும் உண்டு. மேரிலாந்து 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் செசபீக் ஆறுகளின் கரையில் 100 அடிக் கரைவலையை வளைத்து இழுத்து, உள்ளே வரும் ஸ்ட்ரைப்டு பாஸ் குஞ்சுகளை எண்ணித் திரும்ப விடுகிறது. இப்போது 22 நிரந்தர இடங்கள், கோடையில் மூன்று சுற்று. 1970-களில் அந்த எண் விழுந்ததைப் பார்த்துத்தான் அபாயம் புரிந்தது. மேரிலாந்து 1985-ல் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பதையே இரு தரப்புக்கும் முழுதாக மூடியது. 1989-ல் குஞ்சுகள் திரும்பப் பெருகின, 1990-ல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்கள், 1995-ல் இனம் மீண்டுவிட்டது என்று ஆணையம் அறிவித்தது.

2019-லிருந்து அந்த எண் மறுபடி தரையில் கிடக்கிறது. நீண்ட காலச் சராசரி ஓர் இழுப்புக்கு 11 குஞ்சுகள். 2023-ல் கிடைத்தது 1. வெதுவெதுப்பான குளிர்காலமும் ஆற்றில் தண்ணீர் குறைவும் குஞ்சுகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதை எந்த ஆணையமும் மாற்ற முடியாது. ஒரு குஞ்சு 28 அங்குலத்தைத் தொட ஆறேழு ஆண்டு ஆகும். 2029-க்குள் இனத்தை மீட்கவேண்டும் என்பது ஆணையத்தின் இலக்கு. அதற்குப் பிறகு தூண்டிலுக்கு வரவேண்டிய மீன்கள் இந்த மெலிந்த ஆண்டுகளில் பிறந்தவை. இப்போது பங்குக்காக மோதுகிற இரு தரப்பும் அப்போது பிரித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.